ரெண்டரை நிமிஷத்துக்கு நூற்றைம்பது டாலர்

ஒரு சின்னக் கணக்கு. எங்கள் ஊரில் பெரிய நடிகர் படம் என்றால் பிரீமியர் டிக்கெட் 25 டாலருக்குக் குறையாது, சில சமயம் 30. தங்கமணி, நான், ரெண்டு வாண்டுகள், அப்புறம் அந்தப் பாப்கார்ன் கொள்ளை. ஆக மொத்தம் நூற்றைம்பது டாலர் அவுட். இதை எதை நம்பிக் கொடுக்கிறோம்? ஊரில் மச்சான் பார்த்துவிட்டு "தைரியமா போங்க அத்தான்" என்று சொன்னானா? அவன் எங்கே பார்த்தான்! தமிழ்நாட்டில் பெரிய படங்களுக்கே முதல் காட்சி காலை 9 மணிக்குத்தான். அமெரிக்காவில் அதற்கு முந்தின நாள் சாயங்காலமே ஓட்டிவிடுகிறார்கள். கோடம்பாக்கத்து ரசிகனே பார்க்காத படத்துக்கு நாம் சீட் பிடித்து உட்கார்ந்திருக்கிறோம். கையில் இருக்கிற ஒரே சாட்சி ட்ரெய்லர்.

அதனால்தான் சொல்கிறேன், ட்ரெய்லரை நம்பிக் காசு கொடுப்பவர்களில் முதல் வரிசை நாம்தான். ஊரில் இருப்பவன் ட்ரெய்லரைக் கொண்டாடுகிறான் (2023 அக்டோபர் 5ஆம் தேதி 'லியோ' ட்ரெய்லரைத் திரையிட்ட சென்னை ரோகிணி தியேட்டரில் நாற்காலிகளை உடைத்துக் கொண்டாடினார்கள்!). நாம் அதற்கு விலை கொடுக்கிறோம். சனிக்கிழமை பாட்லக்கில் புளியோதரைத் தட்டோடு நின்றுகொண்டு "பிஜிஎம் தெறி", "செகண்ட் ஹாஃப் இழுக்கும்னு தோணுது" என்று தீர்ப்பு வேறு. செகண்ட் ஹாஃபா? படமே வரலையே சாமி!

சரி, ட்ரெய்லரில் காட்டியதைப் படத்தில் காட்டாவிட்டால்? கேட்க முடியாது. இதை நான் சொல்லவில்லை, இந்திய உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. 2016இல் வந்த ஷாருக் கான் படம் 'ஃபேன்'. விளம்பரத்தில் ஒரு பாட்டு ஓஹோ என்று ஓடியது. அதைப் பார்த்துக் குடும்பத்தோடு தியேட்டருக்குப் போன ஒரு ஆசிரியைக்குப் படத்தில் அந்தப் பாட்டே இல்லை. நுகர்வோர் ஆணையம்வரை போனார். பத்தாயிரம் ரூபாய் நஷ்டஈடு, செலவுக்கு ஐயாயிரம் என்று உத்தரவும் வாங்கினார். 2024 ஏப்ரல் 22ஆம் தேதி உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. முன்னோட்டம் என்பது பரபரப்பு உண்டாக்குவதற்காக. அது வாக்குறுதியும் இல்லை, ஒப்பந்தமும் இல்லை. டிக்கெட் காசு படத்துக்குத்தான் என்பது தீர்ப்பின் சாரம்.

சட்டப்படி சரியாகவே இருக்கலாம். ஆனால் ஒரு விஷயம் தெளிவாகிவிட்டது. ட்ரெய்லர் வெறும் விளம்பரம், பற்பசை விளம்பரம் மாதிரி. பற்பசை விளம்பரத்தைப் பார்த்துவிட்டு யாராவது "முதல் பார்வையிலேயே மனசைத் தொட்டுருச்சு" என்று சொல்வார்களா?

இதில் அடிபடுவது மோசமான படம் மட்டும் இல்லை, நல்ல படமும்தான். 'கபாலி'யையே எடுத்துக்கொள்ளுங்கள். 2016 மே 1ஆம் தேதி டீசர் வந்தது. கோட்டு, சூட்டு, தாடி, அந்த நடை. அதைப் போட்டுப் போட்டுப் பார்த்தோம். ஜூலை 22இல் படம் வந்தபோது பா. ரஞ்சித் காட்டியது வேறு. மலேசியத் தோட்டத்துத் தமிழர்கள், கூலியாகப் போனவர்களின் பேரப்பிள்ளைகள், தொலைந்த மனைவியைத் தேடும் ஒரு வயதான மனுஷன். கடல் தாண்டிப் போன தமிழனைப் பற்றி இவ்வளவு பெரிய நடிகரை வைத்து வந்த படம் அபூர்வம். கடல் தாண்டி வந்த நாமே என்ன சொன்னோம்? "மாஸ் கம்மி." டீசரில் பார்த்த படம் தியேட்டரில் ஓடவில்லை என்ற கோபத்தில், தியேட்டரில் ஓடிய படத்தைப் பார்க்கத் தவறிவிட்டோம். அந்தப் படத்தில் குறைகள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நாம் சொன்னது அந்தக் குறைகளை இல்லையே.

காசு போனால் போகட்டும். பேர் போனால்?

எனக்குப் பூர்வீகம் திருவனந்தபுரம் ஜில்லா. நெடுமங்காடு தாண்டி, விதுரா வழியாகப் பொன்முடி ஏறுகிற பாதையில் கல்லாறு என்று ஒரு ஊர் வரும். ஆற்றின் பேரும் அதுதான். 2022 நவம்பரில் 'தி கேரளா ஸ்டோரி' டீசர் வந்தது. கேரளாவிலிருந்து 32,000 பெண்கள் மதம் மாற்றப்பட்டுப் பயங்கரவாதிகளிடம் கொண்டுபோகப்பட்டதாக அதில் ஒரு பெண் பேசினார். படம் வர இன்னும் ஆறு மாசம் இருந்தது. ஆபீஸில் பக்கத்து சீட் வடக்கத்தி நண்பர் காப்பி மெஷின் பக்கத்தில் கேட்டார்: "உங்க ஊர்ல முப்பத்திரண்டாயிரம் பேராமே?" கேலியாக இல்லை, நிஜமான வருத்தத்தோடு. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சல்.

2023 மே மாதம் படம் வருவதற்குச் சில நாள் முன்பு யூடியூபில் அந்த 32,000 வெறும் 3 ஆனது. மே 5ஆம் தேதி கேரள உயர் நீதிமன்றத்தில் அந்த டீசரை எடுத்துவிடுகிறோம் என்று தயாரிப்பாளர் தரப்பு ஒப்புக்கொண்டது. மே 18இல், 32,000 என்பதற்கு நம்பகமான தரவு இல்லை, படம் புனைவு என்று அறிவிப்புப் போடவேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். 2025 ஆகஸ்டில் சிறந்த இயக்கத்துக்கான தேசிய விருது கிடைத்தது, அது தனிக் கச்சேரி. என் நண்பர் படத்தைப் பார்க்கவே இல்லை. கோர்ட் விவரமும் அவருக்குத் தெரியாது. டீசர் மட்டும் பார்த்தார், அந்த 32,000 அவர் மண்டையில் குடியேறிவிட்டது.

அவருக்கு நான் கல்லாற்றைப் பற்றிச் சொல்லிப் பார்த்தேன். பாதையிலிருந்து பார்த்தால் முழங்கால் தண்ணீர், உருண்டை உருண்டையாகக் கூழாங்கல், பளிங்கு மாதிரி இருக்கும். அதை நம்பி வட்டக்கயத்தில் குளிக்க இறங்கிய வெளியூர்க்காரர்கள் எத்தனையோ பேர் திரும்பவில்லை. அந்தக் காட்டுக்குள் ஓலைக்குடிசையில் மூலிகை வைத்தியம் பார்த்து 2018இல் பத்மஸ்ரீ வாங்கிய காணிப் பழங்குடி லட்சுமிக்குட்டி அம்மாவும் கேரளாவின் ஸ்டோரிதான். மனுஷர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். ஆனால் என்னிடம் பின்னணி இசை இல்லையே!

இங்கே பிறந்த நம் பிள்ளைகளும் ஊரை முதலில் பார்ப்பது இப்படித்தான். ரெண்டரை நிமிஷத்தில் நாலு அரிவாள், ஒரு டிரோன் ஷாட், வேட்டியை மடித்துக்கட்டும் ஒரு ஸ்லோமோஷன். பாட்டி வீடு அதில் எங்கே இருக்கிறது என்று என் சின்னவள் கேட்டாள்.

இதற்கு நடுவில் தயாரிப்பாளர்கள் என்ன கேட்டார்கள் தெரியுமோ? படம் வந்து முதல் மூன்று நாளைக்கு விமர்சனமே கூடாது என்று 2024இல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். டிசம்பரில் நீதிமன்றம் அப்படித் தடை விதிக்க மறுத்தது, நல்ல காலம். பார்த்தவன் வாயைத் திறக்கக்கூடாது என்றால் அந்த மூன்று நாளும் பேச மிச்சம் இருப்பது எது? ட்ரெய்லர்தான். அது வாக்குறுதி இல்லை என்று 2024 ஏப்ரலில் தீர்ப்பு வந்தாச்சே. விற்பவன் சொல்வதற்குப் பொறுப்பில்லை, வாங்கியவன் சொல்வதற்குத் தடை வேண்டும்! நல்லா இருக்குய்யா உங்க நியாயம்.

அடுத்த பெரிய படத்துக்கு முன்பதிவு திறந்துவிட்டதாம், பாட்லக் கோஷ்டி மொத்தமாக முப்பது சீட் எடுக்கிறது. நம் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை மதியக் காட்சி. டிக்கெட் பாதி விலை, அதற்குள் மச்சானும் பார்த்திருப்பான். "அப்ப பிரீமியருக்கு மத்தவங்க எல்லாம் போவாங்க, நாம மட்டும்..." என்று தங்கமணி ஆரம்பித்திருக்கிறார். பேச்சுவார்த்தை நடந்துகொண்டிருக்கிறது :-)