'அளவுக்குள்தான்' என்பது பதிலாகாது

மண்ணில் ஈயமா, அரிசியில் காட்மியமா, காற்றில் ஆர்செனிக்கா, எதைக் கேட்டாலும் ஆண்டுக்கணக்காக ஒரே பதில்தான் வருகிறது: "எல்லாம் அனுமதிக்கப்பட்ட அளவுக்குள்தான் இருக்கிறது." கேட்டவர் வாயை மூட இந்த வாசகம் போதும், அவர் கேட்டதற்கு விடை மட்டும் இதில் இல்லை.

அளவுக்குள் இருந்தால் ஆபத்தில்லை என்பதுதான் இதன் அடிப்படை. ஈயத்தின் வரலாறு ஒன்றே இதை உடைத்துவிடும். அமெரிக்காவில் 1960களில் குழந்தையின் ரத்தத்தில் டெசிலிட்டருக்கு 60 மைக்ரோகிராம் ஈயம் வரை கவலைப்பட வேண்டியதில்லை என்றார்கள். அந்த எண் 1970இல் 40, 1975இல் 30, 1985இல் 25, 1991இல் 10, 2012இல் 5 என்று இறங்கி, 2021இல் 3.5க்கு வந்தது. அன்று 55 மைக்ரோகிராமுடன் 'அளவுக்குள்' இருந்த குழந்தைக்கு, இன்று ஈயத்தை உடலிலிருந்து வெளியேற்றும் மருந்தையே கொடுப்பார்கள். அந்த அறுபதாண்டுகளில் ஈயத்தின் நச்சு கூடவில்லை. அதைப் பற்றிய நம் அறியாமைதான் குறைந்தது. இன்றைய 3.5கூடப் பாதுகாப்பின் எல்லை அல்ல. ஒன்று முதல் ஐந்து வயது வரையுள்ள அமெரிக்கக் குழந்தைகளில், ரத்தத்தில் ஈயம் மிகுந்த 2.5 சதவீதத்தினரைப் பிரித்தறியப் போட்ட கோடு அது. ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று எதுவும் அறியப்படவில்லை என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. அப்படியிருக்க, 'அளவுக்குள்' என்ற சொல்லை நம்பி எந்தத் தாய் நிம்மதியாகத் தூங்க முடியும்?

உலோகம் இயற்கையிலேயே இருப்பதுதானே என்பார்கள். சராசரி அமெரிக்கர் உடலிலுள்ள ஈயம் இயற்கை அளவைப்போல் சுமார் 100 மடங்கு என்று புவிவேதியியலாளர் கிளேர் பேட்டர்சன் 1965லேயே கணக்கிட்டுக் காட்டிவிட்டார். ஒவ்வொரு பொருளிலும் கொஞ்சம்தானே என்பார்கள். சோறு, தண்ணீர், தூசி என்று வரம்புகளைத் தனித்தனியாகப் பிரிக்கலாம். எல்லாம் போய்ச் சேரும் உடல் ஒன்றுதான். சிறுநீரகத்தில் படியும் காட்மியத்தில் பாதி வெளியேறவே 10 முதல் 30 ஆண்டுகள் ஆகும்.

தொடர்ந்து கண்காணித்தால் செலவுதான் மிச்சம் என்பது கடைசி வாதம். இதற்கு வங்கதேசத்தின் மஞ்சளே பதில். விரலி மஞ்சளை மெருகேற்றும்போது நிறம் எடுப்பாகத் தெரிய ஈயக் குரோமேட் பொடியைச் சேர்த்து வந்தார்கள். கண்ணுக்குப் பளிச்சென்ற அந்த மஞ்சள், கர்ப்பிணிகளின் ரத்தத்தில் ஈயமாக வந்து நின்றது. 2019இல் சந்தை மாதிரிகளில் 47 சதவீதத்தில் ஈயம் இருந்தது. கையடக்க எக்ஸ்-கதிர் கருவியோடு அதிகாரிகள் சந்தைக்கே போய்ச் சோதித்தார்கள். கலப்படம் செய்த வியாபாரிகளுக்கு அபராதம் விதித்தார்கள். மக்களுக்கு வெளிப்படையாகச் சொன்னார்கள். 2021இல் அந்த 47 சதவீதம் பூஜ்யமானது. வரம்பைக் காட்டி ஆறுதல் சொல்லியிருந்தால் அந்த மஞ்சள் இன்றும் குழம்பில் கொதித்துக்கொண்டிருக்கும். எந்த இடத்தில், எந்த நாளில், எதில், எவ்வளவு என்ற எண்ணைச் சொல்லுங்கள். போன ஆண்டைவிட அது கூடியதா, குறைந்ததா என்பதைக் கேட்பவரே பார்த்துக்கொள்ளட்டும்.