ஏலமலைச் சரிவில் ஆர்க்கிட்: வெனிலா விலைச் சரிவு சொல்லும் பாடம்

ஏலக்காய் விலை இறங்கும் போதெல்லாம் போடி பகுதியில் மாற்றுப்பயிர் பேச்சு எழுவது வழக்கம். 2019 ஆகஸ்டில் ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் வரை போன ஏலக்காய், அடுத்த சில ஆண்டுகளில் 1,000 ரூபாய்க்கும் கீழே வந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அப்படிப்பட்ட நேரத்தில் காதில் விழும் பெயர்களில் ஒன்று ஆர்க்கிட். கொய்மலராகவும், வெனிலாவாகவும் இதில் பணம் உண்டு என்பது உண்மைதான். ஆனால் யாருக்கு, எந்த உயரத்தில், எந்தத் தண்ணீரில் என்பதைப் பார்த்த பிறகே பணத்தை இறக்க வேண்டும்.

ஆர்க்கிட் வேறு, புல்லுருவி வேறு

ஏலத்தோட்டத்து நிழல்மரங்களில் ஒட்டி வளரும் ஆர்க்கிட்டைப் புல்லுருவி என்று நினைத்து வெட்டுபவர்கள் உண்டு. புல்லுருவியின் வேர் கிளைக்குள் இறங்கிச் சாற்றை உறிஞ்சும். ஆர்க்கிட்டின் வேர் பட்டையின் மேல் பற்றிக்கொள்வதோடு சரி. தடித்த வெண்ணிற வேரும், அதன் பச்சை நுனியும் அடையாளம். மழைநீரையும் காற்றின் ஈரத்தையும் பஞ்சுபோல அந்த வேர் இழுத்துக்கொள்ளும். மரத்துக்குக் கேடு இல்லை.

இந்தியாவில் 1,200-க்கும் மேற்பட்ட ஆர்க்கிட் இனங்கள் உள்ளன. இதன் விதை தூசி போன்றது, உள்ளே உணவுச் சேமிப்பு கிடையாது. காட்டில் ஒருவகைப் பூஞ்சையின் துணையோடுதான் முளைக்கும். அதனால்தான் வணிக நாற்றுகள் திசு வளர்ப்புக் கூடத்தில் இருந்து வருகின்றன, விலையும் அதிகம்.

எந்த உயரத்துக்கு எது?

டென்ட்ரோபியம்: கொய்மலருக்கு அதிகம் வளர்க்கப்படும் வகை. வெப்பத்தைத் தாங்கும். ஆனால் 50 முதல் 75 சதம் நிழல்வலையும், காற்றில் நல்ல ஈரமும் வேண்டும். மண்ணில் நடக் கூடாது. தேங்காய் மட்டை, கரி, ஓட்டுத்துண்டு ஆகியவற்றில் வளர்க்க வேண்டும்.

மொக்காரா, வாண்டா: இவற்றுக்கும் வெப்பம் ஏற்றது, வெளிச்சம் கூடுதலாக வேண்டும்.

ஃபெலனாப்சிஸ்: வெப்பநிலையைக் கட்டுப்படுத்தும் பசுமைக்குடில் இல்லாமல் லாபமாக வராது.

சிம்பிடியம்: இரவுக் குளிர் இல்லாவிட்டால் மொட்டு வைக்காது. சிக்கிம் போன்ற குளிர்ப்பகுதிக்கு உரியது. அடிவாரத்தில் முயல வேண்டாம்.

பொட்டிபுரம் போன்ற அடிவார ஊர்கள் மழை மறைவுப் பகுதியில் இருக்கின்றன. இங்கே முதல் சோதனை தண்ணீர். ஆர்க்கிட் வேர் உப்பைத் தாங்காது. போர்வெல் தண்ணீரைப் பரிசோதிக்காமல் நிழல்வலைக்குச் செலவழிக்கக் கூடாது. உப்பு கூடுதலாக இருந்தால் மழைநீர்த் தொட்டி கட்டும் செலவையும் கணக்கில் சேர்க்க வேண்டும். குரங்கணி, போடிமெட்டுப் பக்கம் ஈரமும் நிழலும் இயற்கையாகவே கிடைக்கும். அங்கே சிக்கல் போக்குவரத்தும் ஆள் கூலியும்.

சந்தையில் நமக்குப் போட்டி தாய்லாந்து. உலகில் கொய்மலர் ஆர்க்கிட்டை அதிகம் ஏற்றுமதி செய்யும் அந்த நாட்டின் பூக்கள் விமானத்தில் நம் நகரங்களுக்கே வந்து இறங்குகின்றன. ஆகவே சில மேடை அலங்காரக்காரர்களிடமோ மொத்த வியாபாரியிடமோ முன்கூட்டியே பேசி முடிக்காமல் நடக் கூடாது.

வெனிலா: இரண்டு முறை நடந்த கதை

மசாலாப் பயிராகப் பெரிய அளவில் வளர்க்கப்படும் ஆர்க்கிட் வெனிலா. சொந்த ஊர் மெக்சிகோ. அங்குள்ள தேனீ இங்கே இல்லாததால் ஒவ்வொரு பூவையும் கையால் மகரந்தம் சேர்க்க வேண்டும். 1841-ல் ரீயூனியன் தீவில் எட்மண்ட் ஆல்பியஸ் என்ற 12 வயது அடிமைச் சிறுவன் கண்டுபிடித்த முறையே இன்றும் தொடர்கிறது. பூ ஒருநாள் காலைதான் விரிந்திருக்கும், அன்று தவறினால் காய் இல்லை. கொடி காய்ப்புக்கு வரச் சுமார் 3 ஆண்டுகள், காய் முற்ற ஏறக்குறைய 9 மாதங்கள் ஆகும். பிறகு வெந்நீரில் முக்கி, வியர்க்க வைத்து, உலர்த்தி, மாதக்கணக்கில் பதப்படுத்த வேண்டும். 6 கிலோ பச்சைக் காய்க்கு 1 கிலோதான் தேறும்.

2000-ல் புயல் மடகாஸ்கரைத் தாக்கியது. உலக விலை ஏறியது. இடுக்கி மலைகளில் 2003-ல் பச்சைக் காய் கிலோ 3,000 ரூபாயைத் தாண்டியது. ஏலமும் மிளகும் இருந்த இடத்தில் கொடி நட்டவர்கள் ஏராளம். அவர்கள் கொடி காய்ப்பதற்குள் விலை சரிந்து 100 ரூபாய்க்கும் கீழே போனது. அந்தக் காலத்தில் உறுதியாகச் சம்பாதித்தவர்கள் கொடித்துண்டு விற்றவர்கள்தான்.

2017 மார்ச்சில் மறுபடி புயல். 2018-ல் பதப்படுத்திய காய் கிலோ 600 டாலரைத் தொட்டு, வெள்ளியை விட விலை கூடியது. மடகாஸ்கர் அரசு ஏற்றுமதிக்குக் குறைந்தபட்ச விலையாக 250 டாலர் வைத்தது. 2023-ல் அதை நீக்கியதும் விலை 100 டாலருக்கும் கீழே இறங்கியது. செயற்கை வெனிலின் 1874 முதலே உண்டு. இயற்கைக் காய் விலை ஏறினால் உணவு நிறுவனங்கள் அதற்குத் தாவிவிடுகின்றன.

விலை உச்சத்தில் நடுபவர் காய் பறிப்பது சரிவில்தான். மூன்று ஆண்டு காத்திருக்கும் பயிருக்கு இன்றைய விலை கணக்காகாது.

என்ன செய்யலாம்?

1. வெனிலா நட்டால் ஏலம், மிளகு, காபியை எடுக்காமல் ஊடுபயிராக மட்டும் நடுங்கள். பாதி நிழலும், கிளைரிசிடியா போன்ற தாங்குமரமும், வடிகாலும் அவசியம். நீர் தேங்கினால் வேரழுகல் வரும்.

2. பச்சைக் காயாக விற்கும் கணக்கைப் போட்டுப் பாருங்கள். பதப்படுத்திய காய் கிலோ 6,000 ரூபாய் என்றால், பச்சைக் காய்க்கு 1,000 ரூபாய்கூடக் கிடைக்காது. பதப்படுத்தும் கூலியும் அதில்தான் கழியும்.

3. டென்ட்ரோபியம் என்றால் முதலில் சில நூறு செடிகளோடு நிறுத்துங்கள். ஓராண்டு தண்ணீர், நோய், விற்பனை மூன்றையும் பார்த்துவிட்டுப் பெருக்கலாம். பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியிலும் மைலாடும்பாறை ஏலக்காய் ஆராய்ச்சி நிலையத்திலும் ஆலோசனை கேட்ட பிறகு நாற்று வாங்குங்கள்.

4. காப்புக்காட்டிலிருந்து ஆர்க்கிட்டைப் பிடுங்கி விற்பது குற்றம். காட்டு ஆர்க்கிட் முழுவதும் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டில் உள்ளது. யார் கேட்டாலும் பிடுங்கிக் கொடுக்காதீர்கள்.

5. நிழல்மரம் கவாத்து செய்யும்போது விழும் ஆர்க்கிட்டைத் தூக்கி எறியாமல் வேறு மரத்தில் சணல் கயிற்றால் கட்டிவிடுங்கள். சில மாதங்களில் பிடித்துக்கொள்ளும். இதற்குச் செலவு ஒரு முழக் கயிறுதான்.