ஒன்பதாவது கேள்வி



தோல் நோய் ஒருவரின் அன்றாட வாழ்க்கையை எவ்வளவு பாதித்திருக்கிறது என்று அளக்க, பிரிட்டனின் கார்டிஃப் நகரில் உருவான வினாத்தாள் ஒன்று 1994-ல் வெளியானது. மொத்தம் பத்துக் கேள்விகள். அரிப்பு, கூச்சம், உடுத்தும் துணி, வேலை என்று வரிசையாகப் போகும். ஒன்பதாவது கேள்வி, தாம்பத்தியத்தில் சிரமம் உண்டா என்பது. நம்மிடம் அந்தக் கேள்விக்குத்தான் பதில் வருவதில்லை.

இத்தனைக்கும் இங்கே தோல் மருத்துவத்தின் மேற்படிப்பே தோல், பால்வினை, தொழுநோய் மூன்றையும் சேர்த்ததுதான். அந்தரங்கத்தைக் கேட்கப் பழகிய மருத்துவர் எதிரே உட்கார்ந்திருக்கிறார். சோரியாசிஸ் வந்தவரோ முழங்கையை மட்டும் காட்டிவிட்டு எழுந்து வந்துவிடுகிறார். தொடை இடுக்கிலும் பிறப்புறுப்பிலும் இருப்பதைச் சொல்வதில்லை. வீட்டுக்கு வந்து, முழங்கைக்குக் கொடுத்த வீரியமான ஸ்டீராய்டு களிம்பையே அங்கேயும் தடவுகிறார். அந்த இடத்துத் தோல் மெல்லியது. மேலும் மெலிந்து, கோடு விழுந்து, எரிய ஆரம்பிக்கும். அதற்கென்று மிதமான மருந்துகள் இருக்கின்றன. கேட்டால்தானே எழுதித் தருவார்!

நம் திருவல்லிக்கேணியில் மேன்ஷன் அறையைப் பலர் பங்கு போட்டுக்கொள்கிறோம். ஒண்டுக் குடித்தனத்தில் இந்தப் பக்கம் இருமினால் அந்தப் பக்கம் கேட்கும். மறைக்க இடமே இல்லாத பேட்டையில்தான் இத்தனை பேர் மறைத்து வாழ்கிறார்கள். சித்திரை வெயிலிலும் முழுக்கைச் சட்டை. குளியலறையைத் தாழிட்டுக்கொண்டு களிம்பு. கல்யாணத்துக்குப் பிறகும் இது தொடர்கிறது. செதில் உதிர்ந்து பாயில் கிடப்பதைப் பார்த்தால் இவளுக்கு அருவருப்பாக இருக்குமே என்று கணவர் தள்ளிப் படுக்கிறார். தன்னைப் பிடிக்கவில்லை என்று மனைவி எடுத்துக்கொள்கிறாள். நோய் மனைவிக்கு என்றால் பல வீடுகளில் நிலைமை இன்னும் கடுமை. கணவர் தள்ளிப் படுப்பதோடு நிற்பதில்லை, பிறந்த வீட்டுக்கே அனுப்பிவிடுகிறார்கள்.

சோரியாசிஸும் வெண்புள்ளியும் ஒட்டுவதில்லை. ஒரே போர்வையில் படுத்தாலும், உறவு கொண்டாலும் ஒட்டாது. உடம்பின் எதிர்ப்புச் சக்தி தன் தோலையே தாக்குவதால் வருபவை அவை. ஆனால் உராயும் இடத்தில் புதுத் திட்டு கிளம்புவது உண்டு. அந்த நாட்களில் "இன்னிக்கு எரியுது" என்று காரணத்தைச் சொல்லிவிடுங்கள். காரணம் தெரியாத விலகலைத்தான் மனசு தாங்குவதில்லை.

சட்டம்கூட வெகுகாலம் தோலைக் காட்டிப் பிரிந்துபோக வழி விட்டிருந்தது. பார்த்தசாரதி கோயில் தெருவில் தாலி கட்டியவரானாலும், வாலாஜா பள்ளிவாசல் பக்கத்தில் நிக்காஹ் முடித்தவரானாலும், துணைக்குத் தொழுநோய் என்று மணவிலக்குக் கேட்க முடிந்தது. அந்த நோயை முழுமையாகக் குணப்படுத்தும் கூட்டு மருந்தை உலக சுகாதார நிறுவனம் 1981-லேயே பரிந்துரைத்தது. சட்டத்திலிருந்து அந்த வரி போனது 2019-ல்தான். பிரிவது ஒரு பக்கம் என்றால், தோலால் கல்யாணமே தள்ளிப்போவது இன்னொரு பக்கம். சென்னையில் வெண்புள்ளிகள் விழிப்புணர்வு இயக்கத்தார் வெண்புள்ளி உள்ளவர்களுக்காகச் சுயம்வரம் நடத்தி வந்திருக்கிறார்கள். நல்ல காரியம். தனிச் சுயம்வரம் தேவைப்படாத காலம் வர வேண்டும் என்பதே என் ஆசை.

குழந்தைக்குத் திட்டமிடும் தம்பதிக்கு ஒன்று சொல்ல வேண்டும். சோரியாசிஸுக்குத் தரும் மெத்தோட்ரெக்சேட் கருவைப் பாதிக்கும். அசிட்ரெடின் சாப்பிட்ட பெண் அதை நிறுத்திய பிறகும் மூன்று ஆண்டுகள் கருத்தரிக்கக் கூடாது. கல்யாணம் நிச்சயமானதைக்கூட மருத்துவரிடம் சொல்லாமல் மாத்திரையைத் தொடர்பவர்கள் உண்டு. பயந்துபோய் தாங்களாகவே நிறுத்துகிறவர்களும் உண்டு. இரண்டும் ஆபத்து. ஆண்களும் தங்கள் மாத்திரையைப் பற்றிக் கேட்டுக்கொள்ள வேண்டும். அடுத்த முறை மருத்துவரிடம் இருவருமாகச் சேர்ந்து போங்கள்.

அடுத்த இதழில் தோல் மருத்துவர் ஒருவர் உங்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார். பெயர் எழுத வேண்டாம். வயது, என்ன நோய், என்ன மருந்து என்பது போதும்.

அன்புடன்,
ஆசிரியர்