கருவிக்கு அனுமதி, காயத்துக்குக் கணக்கில்லை

தொலை அறுவையில் இந்த இதழின் நிலைப்பாடு என்ன என்று வாசகர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். இந்தியாவில் தயாராகும் எஸ்எஸ்ஐ மந்த்ரா ரோபோவைத் தூரத்திலிருந்து இயக்கி அறுவை செய்ய, மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு 2024 டிசம்பரில் அனுமதி கொடுத்தது. அடுத்த மாதமே, குருகிராமில் உட்கார்ந்தவர் 286 கிலோமீட்டர் தள்ளி ஜெய்ப்பூரில் படுத்திருந்தவருக்கு இதய அறுவை செய்தார் என்று செய்தி வந்தது. இதயத்தில் தொடங்கியது பித்தப்பைக்கு வந்து சேர அதிக நாள் ஆகாது. அன்றாடம் ஊருக்கு ஊர் நடப்பது நம்முடைய அறுவைதான். விற்பவர்கள் கூட்டம் இருக்கும் இடத்துக்கு வராமல் இருக்கமாட்டார்கள். ஆகவே லேப் கோலி அளவில் மட்டும் எம் கருத்தைச் சொல்லிவிடுகிறோம்.

தொழில்நுட்பத்தில் எமக்குப் பெரிய ஐயமில்லை. 2001 செப்டம்பர் 7 அன்று ழாக் மாரெஸ்கோ நியூயார்க்கில் இருந்தபடி ஸ்ட்ராஸ்பூர்கில் 68 வயதுப் பெண்மணி ஒருவருக்கு எடுத்ததும் பித்தப்பையைத்தான். 54 நிமிட வேலை, சிக்கல் எதுவுமில்லை. கையசைவுக்கும் திரையில் அது தெரிவதற்கும் நடுவே சராசரியாக 155 மில்லிநொடி. இணைப்பு அறுந்தால் வயிற்றைத் திறப்பது யார் என்ற கேள்விக்கும் விடை தெரிந்ததே: ஓப்பன் கோலி தனியாகச் செய்து பழகிய ஒருவர் கவுன் போட்டு மேஜையருகே நிற்க வேண்டும். அப்படி ஒருவர் அங்கேயே இருக்கும்போது சாதாரண லேப் கோலிக்கு வெளியூர்க் கை எதற்கு என்று கேட்டால், எம்மிடம் பதிலில்லை.

சட்டம் இன்னும் வேடிக்கை. 2020 மார்ச் 25இல் வெளியான தொலைமருத்துவ நெறிமுறைகள் தூரத்திலிருந்து அறுவை செய்வதைத் தம் எல்லைக்குள் சேர்க்கவே இல்லை என்று வெளிப்படையாகவே சொல்கின்றன. கருவிக்கு முத்திரை விழுந்துவிட்டது. அதைப் பிடிக்கும் கைக்கு அந்த நெறிமுறைகளில் ஒரு வரிகூட இல்லை. ஒப்புதல் படிவத்தில் யார் பெயர் எழுதுவது, எந்த மாநில மருத்துவ கவுன்சில் விசாரிக்கும் என்பதையெல்லாம் வழக்கறிஞர்கள் பேசட்டும்.

எம் கவலை வேறு. இப்பக்கத்தில் முன்பும் எழுதியதுதான். பித்தநாளம்.

2023இல் ஜாமா சர்ஜரியில் வந்த ஆய்வை இதற்குள் எல்லோரும் படித்திருப்பீர்கள். அமெரிக்க மெடிகேர் பயனாளிகள் 10 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் தரவு. ஓராண்டுக்குள் சீரமைப்பு தேவைப்பட்ட பித்தநாளக் காயம் லேப்ராஸ்கோப்பியில் 0.2 சதவீதம், ரோபோவில் 0.7 சதவீதம். கற்கும் காலத்துத் தடுமாற்றம் என்று வாதிடலாம், நோயாளிகளைப் பிரித்த விதத்தைக் குறை சொல்லலாம். அப்படி வாதாடுவதற்காவது அங்கே ஒரு எண் இருக்கிறது. சுவீடனில் கால்ரிக்ஸ் பதிவேடு 2005 முதல் நடக்கிறது. ஏறக்குறைய நாட்டின் எல்லா பித்தப்பை அறுவைகளும் அதில் ஏறுகின்றன. 1990இல் மும்பையில் உத்வாடியா தொடங்கிவைத்தது முதல் நாமும் லேப் கோலி செய்துகொண்டிருக்கிறோம். நம்மிடம் எத்தனை நாளம் அறுந்தது? யாரைக் கேட்பது?

அறுந்தவை நம் மேஜைக்கு வரும் விதம் இந்த இதழைப் படிக்கும் ஹெச்.பி.பி. சர்ஜன்களுக்குப் பாடம். மூன்றாவது வாரத்தில், மஞ்சள் பூத்த கண்ணோடு, பக்கவாட்டில் ஒரு பிக்டெயிலோடு வருவார்கள். எம்.ஆர்.சி.பி.யில் ஸ்ட்ராஸ்பெர்க் ஈ2 அல்லது ஈ3. கூட வரும் டிஸ்சார்ஜ் சம்மரியில் அறுவைக் குறிப்பு ஒன்றரை வரி: காலோ முக்கோணம் பிரிக்கப்பட்டது, சிஸ்டிக் நாளமும் தமனியும் கிளிப் போட்டு வெட்டப்பட்டன, பித்தப்பை நீக்கப்பட்டது. அதே மருத்துவமனையின் வேறு நோயாளி சம்மரியை எடுத்துப் பாருங்கள், எழுத்துப் பிசகாமல் அதே ஒன்றரை வரி. பெயரும் வயதும்தான் மாறியிருக்கும். வீடியோ இருக்கிறதா என்று தொலைபேசியில் கேட்டால், அன்றைக்கு ரெக்கார்டர் வேலை செய்யவில்லை என்பார்கள். ரூ-என்-ஒய் முடித்து அனுப்புகிறோம். எங்கே வெட்டுப்பட்டது என்பது நமக்குத் தெரியும். ஏன் என்பது யாருக்கும் தெரியாமலே போகிறது.

ஏன் என்பதுதானே முக்கியம்? லாரன்ஸ் வே குழுவினர் 2003இல் 252 காயங்களை அலசி, 97 சதவீதத்துக்குக் காரணம் கையின் திறமைக் குறைவல்ல, கண்ணின் மயக்கம் என்றார்கள். பொதுநாளத்தை சிஸ்டிக் நாளம் என்று நம்பி, நம்பிக்கையோடு வெட்டுவது. எந்த முப்பரிமாணத் திரையும் அந்த மயக்கத்தைத் தானாகத் தெளிவிக்காது. நம் தியேட்டர்களில் பல நாளங்களைக் காப்பாற்றியது, “சார், கொஞ்சம் பொறுங்க, இது சிஸ்டிக்தானா?” என்று பக்கத்தில் நின்றவர் கேட்ட கேள்வி. 286 கிலோமீட்டர் தூரத்திலிருக்கும் மூத்தவரிடம் மைக்கில் அதைக் கேட்க எந்த இளையவர் துணிவார்?

அதிகாரிகளிடம் கேட்டால் மருத்துவக் கருவிகளின் பாதகங்களைக் கண்காணிக்க 2015 முதல் மெட்டீரியோவிஜிலன்ஸ் திட்டம் இருக்கிறதே என்பார்கள். அத்திட்டத்தின் காஜியாபாத் மையத்துக்குப் புகார் அனுப்பலாம், கருவி கெட்டிருந்தால். கருவி ஒழுங்காக வேலை செய்து, பார்த்தவர் கண் ஏமாந்தால் அதற்குப் படிவமே கிடையாது. காப்பீட்டுத் திட்டங்கள் ஸ்கேன் கேட்கின்றன, திசு ஆய்வு அறிக்கை கேட்கின்றன, வயிற்றுத் தழும்பைப் படமெடுத்து ஏற்றச் சொல்கின்றன. அறுவை நடந்ததா என்பதில் அவர்களுக்கு அத்தனை அக்கறை. கிளிப் போடுமுன் கிரிட்டிகல் வியூவை ஒரே ஒரு படமாக ஏற்றச் சொன்னால் கூடுதலாக ஒரு ரூபாய் செலவாகாது. ஸ்ட்ராஸ்பெர்க் அதை வரையறுத்தது 1995இல். பிரசவ மரணம் ஒன்று நடந்தால் மாவட்ட ஆட்சியர் முன் தணிக்கை நடத்தும் தமிழ்நாட்டில், நாளம் அறுந்து வாழ்நாள் முழுக்கக் கொலாஞ்சைட்டிஸ் காய்ச்சலோடு அலையும் பெண்ணுக்கு ஒரு தாள்கூட இல்லை. பதிவேடு வேண்டும் என்று நாங்களும் மனுப் போட்டோம். ஒப்புகை எண் வந்தது. பிறகு எதுவும் வரவில்லை. இறக்குமதிக்கு மாற்று, உள்நாட்டுப் பெருமை என்றால் மட்டும் கோப்பு ஓடுகிறது.

நம்மவர்களும் கேட்கவில்லை என்பது உண்மை. நுகர்வோர் மன்றத்தில் ஆதாரமாகிவிடும் என்ற பயம் நியாயமானதே. அதனால்தான் பெயர் மறைத்த, மன்றங்கள் வரவழைக்க முடியாதபடி சட்டப் பாதுகாப்புள்ள பதிவேடு வேண்டும் என்கிறோம்.

தொலை அறுவையில் படம் முழுவதும் கம்பி வழியாகப் போகிறது. அன்றைக்கு ரெக்கார்டர் ஓடவில்லை என்ற சாக்குக்கு அங்கே இடமில்லை. அனுமதி கொடுத்தபோதே, ஒவ்வொரு அறுவையின் பதிவையும் காயக் கணக்கையும் பொதுப் பதிவேட்டில் சேர்க்க வேண்டும் என்பதை நிபந்தனையாக்கியிருக்கலாம். இப்போதும் ஆக்கலாம். ஆக்கும்வரை பித்தப்பைக்குத் தொலை அறுவை வேண்டாம் என்பதே எம் முடிவு.

எம் கையில் இருப்பதை நாங்கள் செய்கிறோம். அடுத்த இதழ் முதல், ரோபோவோ லேப்ராஸ்கோப்பியோ, பித்தப்பை அறுவைத் தொகுப்பு எதுவானாலும், கிரிட்டிகல் வியூ தெரியும் வெட்டாத வீடியோவும் நாளக் காயங்களின் முழு எண்ணிக்கையும் இல்லாமல் வந்தால் பரிசீலனைக்கே எடுக்கமாட்டோம். பூஜ்யம் என்று எழுதுபவர்கள், ஒரு வருடமாவது நோயாளியைப் பின்தொடர்ந்த பிறகு எழுதுங்கள்.