ஆய்வாளரா அச்சுறுத்தல்?

செம்பூரை அடுத்த தேவ்னாரில் இயங்கும் டாடா சமூக அறிவியல் நிறுவனம், தலித் ஆய்வு மாணவர் கே.எஸ். ராமதாஸை 2024 ஏப்ரல் 18 அன்று ஈராண்டுகளுக்கு இடைநீக்கம் செய்தது. தனது எந்த வளாகத்திலும் அவர் நுழையக் கூடாது என்றும் ஆணையிட்டது. அவர் செய்தது என்ன? புதிய கல்விக் கொள்கையை எதிர்த்து அவ்வாண்டு ஜனவரியில் தில்லியில் நடைபெற்ற மாணவர் பேரணியில் பங்கேற்றார். ஆனந்த் பட்வர்தனின் ‘ராம் கே நாம்’ ஆவணப்படத்தைப் பார்க்குமாறு சமூக ஊடகத்தில் வேண்டினார். இவை தேச நலனுக்கு உகந்தவையல்ல என்றது நிர்வாகம். அந்தப் படமோ தேசிய விருது பெற்றது. நீதிமன்ற உத்தரவின்பேரில் தூர்தர்ஷனிலேயே ஒளிபரப்பானது!

2025 மார்ச்சில் பம்பாய் உயர்நீதிமன்றம் அவரது மனுவைத் தள்ளுபடி செய்தது. மே 2 அன்று உச்சநீதிமன்றம், அதுவரை கழிந்த காலத்தோடு இடைநீக்கத்தை முடித்து, ஆய்வைத் தொடர வழிவிட்டது. ஆயினும் ஓராண்டு பறிபோனது பறிபோனதுதான்.

ஆய்வு நிறுவனங்களுக்குப் பாதுகாப்பே தேவையில்லை என எவரும் வாதிடவில்லை. தேவ்னாருக்கு அருகே டிராம்பேயில் உள்ள பாபா அணு ஆராய்ச்சி மையத்திற்குக் காவல் வேண்டும் என்பதில் இரு கருத்துக்கு இடமில்லை. 2022 நவம்பரில் தில்லி எய்ம்ஸின் சர்வர்கள் இணையத் தாக்குதலில் முடங்கின. நோயாளிகளின் பதிவுகளை நாள்கணக்கில் கையால் எழுத நேர்ந்தது. 2023 மே மாதம், பாகிஸ்தான் உளவாளிக்குத் தகவல் அளித்ததாகப் புனேயிலுள்ள பாதுகாப்பு ஆராய்ச்சிக்கூடம் ஒன்றின் இயக்குநரையே மகாராஷ்டிரப் பயங்கரவாதத் தடுப்புப் படை கைது செய்தது. இவ்விரண்டிலும் முழக்கமிட்ட மாணவர் எவருக்கும் தொடர்பில்லை.

ஒன்றிய அரசின் பார்வை வேறு பக்கம் திரும்பியிருக்கிறது. நாட்டின் பாதுகாப்பு, எல்லை, வடகிழக்கு, ஜம்மு-காஷ்மீர், ‘உள்நாட்டு விவகாரங்கள்’ ஆகியவை குறித்த பன்னாட்டு இணையவழிக் கருத்தரங்குகளுக்கு முன் அனுமதி பெற வேண்டுமென 2021 ஜனவரியில் கல்வி அமைச்சகம் உத்தரவிட்டது. ‘உள்நாட்டு விவகாரம்’ என்ற சொல்லுக்குள் அடங்காத சமூகவியல் ஆய்வு எது? விவசாயிகள் தில்லி எல்லையில் முகாமிட்டிருந்த நாள்கள் அவை என்பதையும் மறப்பதற்கில்லை. அறிவியல் அகாதமிகள் எதிர்ப்புத் தெரிவித்த பின் அடுத்த மாதமே உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. 2023இல், மக்களவைத் தேர்தல் முடிவுகளை ஆராய்ந்த ஒரு கட்டுரைக்காக ஹரியானாவின் அசோகா பல்கலைக்கழகத்திற்கு உளவுத்துறை அதிகாரிகளே சென்றனர். கட்டுரையாளர் பதவி விலகினார்.

இது இந்தியாவுக்கு மட்டும் உரிய நோயன்று. அமெரிக்கா 2018இல் தொடங்கிய ‘சீன முன்முயற்சி’, சீன வம்சாவளி ஆய்வாளர்கள் பலரை உளவாளிகளாகச் சந்தேகித்து, வழக்குகள் பல நிற்காமல் போக, 2022இல் கைவிடப்பட்டது. நம்மிடமோ நம்பி நாராயணன் இருக்கிறார். 1994இல் உளவுக் குற்றம் சுமத்தப்பட்ட அந்த இஸ்ரோ விஞ்ஞானிக்கு உச்சநீதிமன்றம் 50 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கியது 2018இல்தான்.

இதில் மும்பைத் தமிழ் உழைப்பாளிகளுக்கு என்ன இருக்கிறது என்று கேட்கலாம். தாராவி மறுசீரமைப்பில் அதானி குழுமத்தின் பங்கு 80 சதவீதம். 2000 ஜனவரி 1க்குப் பின் குடியேறியோருக்குத் தாராவிக்குள் வீடு இல்லை. 2024இல் மாநில அரசு இத்திட்டத்திற்குத் தேவ்னார் குப்பைமேட்டின் 124 ஏக்கரை ஒதுக்கியது. அந்த மண்ணிலும் நீரிலும் காற்றிலும் என்ன கலந்திருக்கிறது? தாராவியின் தோல், மண்பாண்டத் தொழில்கள் என்னவாகும்? நிறுவனத்தின் கணக்கெடுப்பு இதற்கு விடை தராது. குப்பைமேடு அடங்கிய எம்-கிழக்கு வார்டின் வாழ்நிலையை 2011 முதல் ஆராய்ந்த டாடா நிறுவனம் போன்றவையே தர முடியும். அதுவும், அங்குள்ள மாணவரும் ஆசிரியரும் அஞ்சாமல் எழுத முடிந்தால்.

அஞ்சாமல் எழுத வேலை நிலைக்க வேண்டும். 2024 ஜூன் இறுதியில் அதே நிறுவனம் 55 ஆசிரியர்களுக்கும் 60 ஊழியர்களுக்கும் பணிநீக்க அறிவிப்பு அனுப்பிவிட்டு, எதிர்ப்பு எழுந்ததும் இரண்டே நாளில் திரும்பப் பெற்றது. நாட்டின் உள்நாட்டு உற்பத்தியில் ஆராய்ச்சிக்குச் செல்வது 0.64 சதவீதம் மட்டுமே.

ஆய்வுத் தரவுகளைக் காக்கும் இணையப் பாதுகாப்புக்கு நிதி ஒதுக்குக. ஒப்பந்த ஆசிரியர்களை நிரந்தரமாக்குக. அரசியல் செயல்பாட்டுக்காக மாணவரைத் தண்டிப்பதை நிறுத்துக. தேவ்னார் நிலம் குறித்துச் சுதந்திரமான பல்கலைக்கழக ஆய்வு நடைபெற்று, அதன் அறிக்கை தமிழிலும் மராத்தியிலும் மக்களுக்குக் கிடைக்கும் வரை எவரும் அங்கே குடியமர்த்தப்படக் கூடாது. இக்கோரிக்கைகளைத் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் பகுதித் தோழர்கள் வீடுதோறும் எடுத்துச் செல்ல வேண்டும்.