பேரேடு பத்திரம், இண்டெக்ஸ்தான் கிழிஞ்சிருக்கு!

கறுப்புத் திரை. அதில் வெள்ளையாக இரண்டே வார்த்தை: ‘கிரப் ரெஸ்க்யூ’. பக்கத்தில் ஒரு சின்னக் கோடு மினுக் மினுக் என்று கண் சிமிட்டிக்கொண்டே இருக்கும். நீங்கள் என்ன தட்டினாலும் ‘தெரியாத கட்டளை’ என்று பதில் வரும். மௌஸை ஆட்டினால் அதற்கும் மரியாதை இல்லை.

இதைப் பார்த்ததும் நம்ம ஆட்கள் செய்கிற காரியங்கள் மூன்று. ஆஃப் பண்ணி ஆன் பண்ணுவார்கள். பேட்டரியைக் கழற்றி, ஊதி, மாட்டுவார்கள். மூன்றாவதாக, கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். முதல் இரண்டால் பிரயோஜனமும் இல்லை, நஷ்டமும் இல்லை. மூன்றாவதில்தான் ஆபத்து.

ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு ஆபரேட்டிங் சிஸ்டம் வைப்பது ஏதோ பெங்களூர் ஆசாமிகள் சமாசாரம் என்று நினைத்தால் தப்பு. அதை நம்ம ஊர்த் தெருவுக்குத் தெரு கொண்டுவந்து இறக்கியது தமிழ்நாடு அரசாங்கம். 2011 செப்டம்பர் 15-ம் தேதி இலவச லேப்டாப் திட்டம் துவங்கியது. முதல் வருஷத்துக்கே சுமார் 9 லட்சம் லேப்டாப்புக்கு எல்காட் டெண்டர் விட்டது. அதில் விண்டோஸும் இருந்தது, பக்கத்திலேயே ‘பாஸ்’ லினக்ஸும் இருந்தது. பாஸ் என்றால் முதலாளி இல்லை, சார். பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ் என்பதன் சுருக்கம். மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்துச் செய்தது. அதற்கும் முன்பே, 2007 வாக்கில், உமாசங்கர் ஐ.ஏ.எஸ். எல்காட்டில் இருந்தபோது அந்த ஆபீஸையே சூஸே லினக்ஸுக்கு மாற்றிக் காட்டியது அந்தக் காலத்துப் பரபரப்புச் செய்தி.

ஆக, எங்க வேங்கிக்கால் போன்ற ஊரில், அதாவது வேலூர் ரோட்டில் கலெக்டர் ஆபீஸைத் தவிர வெளியூர்க்காரர்கள் அடையாளம் சொல்ல வேறொன்றும் கேட்காத ஊரில், வீட்டுக்கு வீடு டூயல் பூட் வந்து சேர்ந்தது. கொடுத்தவர்கள் எல்லாம் கொடுத்தார்கள். ஆன் பண்ணியதும் வருகிற அந்த இரண்டு வரி மெனு என்ன என்பதை மட்டும் யாரும் பையன்களுக்குச் சொல்லிக் கொடுத்த மாதிரி தெரியவில்லை.

2013-ல் ஒரு ஞாயிற்றுக்கிழமை. நான் பி.காம். முடித்துவிட்டு ஓர் ஆடிட்டர் ஆபீஸில் பேரேட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த காலம். பின் தெருப் பையன் ஒருவன் லேப்டாப் பையைக் குழந்தை மாதிரி மார்பில் அணைத்துக்கொண்டு வந்தான். அரசு கலைக் கல்லூரியில் இரண்டாம் வருஷம்.

“அண்ணா, லேப்டாப் செத்துப்போச்சுணா.”

“என்ன பண்ணே?”

“ஒண்ணும் பண்ணலைணா. படம் ஏத்த எடம் பத்தல. அந்த பாஸ் சும்மாதானே இருக்குன்னு அந்த பார்ட்டிஷனை மட்டும் டெலிட் பண்ணேன்.”

ஒன்றும் பண்ணவில்லையாம்!

வருகிற வழியில் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு கடையில் காட்டியிருக்கிறான். கடைக்காரர் ஒரு பார்வை பார்த்துவிட்டு, “ஹார்ட் டிஸ்க் அவுட். ஃபார்மட் பண்ணணும். 600 ரூபா. டேட்டா எல்லாம் போயிடும், ஓகேவா?” என்றிருக்கிறார். ஹார்ட் டிஸ்க் அவுட் என்றால் எதை ஃபார்மட் பண்ணுவார் என்று பையனுக்கும் கேட்கத் தோன்றவில்லை.

“படம்தானேடா, மறுபடி ஏத்திக்கலாம்” என்றேன்.

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் அப்பா அதற்கு முந்தின வருஷம்தான் தவறிப்போயிருந்தார். தீபத்துக்கு மலையைக் காட்டி ஏதோ சொல்லிச் சிரிக்கிற மாதிரி ஒரு வீடியோ, ஒண்ணரை நிமிஷம், அந்த லேப்டாப்பில்தான் இருந்தது. எடுத்த போன் தொலைந்துவிட்டது. வேறு காப்பி கிடையாது. “அம்மாவுக்கு இன்னும் தெரியாதுணா” என்றான்.

இங்கே கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்க வேண்டும். பயப்படாதீர்கள், காமர்ஸ் பாஷையில்தான் சொல்லப்போகிறேன்.

கம்ப்யூட்டருக்கு, ஆன் பண்ணும் கணத்தில் ஒன்றும் தெரியாது. விண்டோஸ் என்று ஒன்று இருப்பதே தெரியாது. போர்டில் இருக்கிற பயாஸ் என்கிற குட்டி புரோகிராம் முதலில் கண் விழிக்கும். கிரிவலத்தில் இந்திர லிங்கம், அக்னி லிங்கம் என்று வரிசையாகப் போவது போல அதற்கும் ஒரு வரிசை உண்டு. மெமரி இருக்கா, கீபோர்டு இருக்கா, டிஸ்க் இருக்கா. டிஸ்க் இருந்தால் அதன் முதல் பக்கத்தை, முதல் பக்கத்தை மட்டும், படிக்கும். அந்தப் பக்கத்தின் அளவு 512 பைட். இந்தப் பத்தியில் பாதிகூட அதில் அடங்காது. அதில் 446 பைட் கட்டளை, 64 பைட் பார்ட்டிஷன் பட்டியல், கடைசி 2 பைட் முத்திரை. இவ்வளவுதான் ‘மாஸ்டர் பூட் ரெக்கார்ட்’.

446 பைட்டில் ஒரு மெனுவையே அடைக்க முடியாது. அதனால் கிரப் என்ன செய்கிறது? முதல் பக்கத்தில் ஒரு சின்ன ஆளையும், அடுத்த சில பக்கங்களில் இன்னொரு ஆளையும் உட்கார வைத்துவிட்டு, மெனு, எழுத்து, மற்ற சாமான்களை எல்லாம் லினக்ஸ் பார்ட்டிஷனுக்குள் வைத்துக்கொள்கிறது. நம்ம பையன் டெலிட் பண்ணியது அந்த வீட்டைத்தான். வாசலில் வாட்ச்மேன் இருக்கிறார், உள்ளே போனால் வீட்டைக் காணோம். வாட்ச்மேன் திகைத்துப்போய் ‘காப்பாத்துங்க’ என்று கத்துகிறார். அதுதான் ‘கிரப் ரெஸ்க்யூ’. விண்டோஸ் பார்ட்டிஷன், அப்பா வீடியோ, சினிமா எல்லாம் வைத்தது வைத்தபடி உள்ளே இருக்கின்றன.

ஆடிட்டர் ஆபீஸில் பேரேட்டின் இண்டெக்ஸ் பக்கம் கிழிந்துபோனால் பேரேட்டையே கொளுத்திவிட்டுப் புதுசு போடச் சொல்வோமா? ஃபார்மட் என்கிறவர் சொல்வது அதைத்தான். கணக்கு ஒரு பைசா குறையாமல் உள்ளே இருக்கும், எந்தப் பக்கத்தில் என்று சொல்ல ஆள் இல்லை, அவ்வளவே.

விண்டோஸ் 7 பென் டிரைவ் ஒன்றைக் கடன் வாங்கினோம். அதிலிருந்து கிளப்பி, ‘இன்ஸ்டால்’ என்பதைத் தொடாமல் (கவனம்!), கீழே பொடி எழுத்தில் இருக்கும் ‘ரிப்பேர்’ என்பதற்குப் போய், கமாண்ட் ப்ராம்ப்ட்டில் ஒரே ஒரு வரி. பூட்ரெக், ஓர் இடைவெளி, சாய்வுக்கோடு, ஃபிக்ஸ்எம்பிஆர். இது கிரப்பின் 446 பைட்டை அழித்துவிட்டு விண்டோஸின் 446 பைட்டை எழுதும். பார்ட்டிஷன் பட்டியலைத் தொடாது. அன்றைக்குக் கரண்ட் வேறு மணிக்கு மணி போய்க்கொண்டிருந்தது, 2013 ஞாபகமிருக்கும். பேட்டரியில் 20 நிமிஷம் பாக்கி இருக்கும்போது விண்டோஸ் எழுந்துவிட்டது. பையன் முதலில் திறந்தது சினிமா ஃபோல்டரை அல்ல. நான் தண்ணீர் குடிக்க உள்ளே போய்விட்டேன். பிறகு அந்த ஃபைலை மூன்று பென் டிரைவில் காப்பி பண்ணிக்கொண்டு போனான்.

இந்தக் கதைக்குத் தலைகீழ்க் கதையும் உண்டு. விண்டோஸை மறுபடி இன்ஸ்டால் பண்ணினால், அது அந்த முதல் பக்கத்தில் யார் இருக்கிறார் என்று கேட்காமல் தன் ஆளை உட்கார வைத்துவிடும். லினக்ஸ் மெனுவில் காணாமல் போகும். இதற்கும் அழ வேண்டாம். லினக்ஸ் பென் டிரைவில் கிளப்பி கிரப்பை மறுபடி இன்ஸ்டால் பண்ணலாம். உபுண்டுக்காரர்கள் வசதிக்கு ‘பூட் ரிப்பேர்’ என்றே ஒரு புரோகிராம் இருக்கிறது, பட்டனை அமுக்கினால் போதும்.

புது மெஷின்களில் கதை மாறிவிட்டது. பயாஸ் போய் யூஈஎஃப்ஐ வந்துவிட்டது. இதில் முதல் பக்கத்துக்குச் சண்டை இல்லை. தனியாக ஒரு சின்ன பார்ட்டிஷன். அதில் விண்டோஸுக்கு ஒரு ஃபோல்டர், லினக்ஸுக்கு ஒரு ஃபோல்டர். யார் முதலில் என்கிற வரிசை போர்டிலேயே எழுதியிருக்கும். ஆகவே பெரிய விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு லினக்ஸைக் காணோம் என்றால் அநேகமாக அது அழிந்திருக்காது, வரிசையில் பின்னுக்குத் தள்ளப்பட்டிருக்கும். ஆன் பண்ணும்போது லெனோவா, டெல், ஏசரில் எஃப் 12, ஹெச்பியில் எஃப் 9. பட்டியல் வரும், தேர்ந்தெடுங்கள். ஏசரில் எஃப் 12-ஐ முதலில் செட்டப்புக்குள் போய் இயக்கி வைக்க வேண்டியிருக்கலாம்.

இப்போது இந்த விஷயம் மறுபடி சூடாகியிருக்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு மைக்ரோசாஃப்ட் நிறுத்திவிட்டது. பழைய மெஷின்கள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறாது. டாலிக்கு விண்டோஸ் வேண்டும், இண்டர்நெட்டுக்குப் பத்திரமாக ஒன்று வேண்டும். எனவே ஆபீஸ் ஆசாமிகள் பலரும் பக்கத்தில் லினக்ஸ் மின்ட்டோ உபுண்டுவோ போட்டுக்கொள்கிறார்கள். நல்லதுதான். ஆனால் சனிக்கிழமை ராத்திரி போடுங்கள் சார். ஜிஎஸ்டி ரிட்டர்ன் கட்ட வேண்டிய 20-ம் தேதிக்கு முந்தின ராத்திரி போடாதீர்கள்.

எனக்குத் தெரிந்த ஒருவர், கலெக்டர் ஆபீஸ் எதிரில் டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவர், லினக்ஸைப் போட்டார். மெனுவில் விண்டோஸைக் காணோம்! “அத்தனை பேர் பட்டா மனுவும் அதுலதான் இருக்கு” என்று வியர்த்துப்போனார். இதற்கும் காரணம் உண்டு. 2021-ல் வந்த கிரப் 2.06-லிருந்து, டிஸ்க்கில் வேறு சிஸ்டம் இருக்கிறதா என்று தேடுகிற ‘ஓஎஸ் ப்ரோபர்’ என்கிற வேவுக்காரரைப் பாதுகாப்புக் காரணத்துக்காகத் தூங்க வைத்துவிட்டார்கள். சில லினக்ஸ்காரர்கள் எழுப்பிக் கொடுக்கிறார்கள், சிலர் கொடுப்பதில்லை. கிரப்பின் செட்டிங் ஃபைலில் ‘டிஸேபிள் ஓஎஸ் ப்ரோபர்’ என்கிற வரியை ‘ஃபால்ஸ்’ என்று மாற்றி, ‘அப்டேட்-கிரப்’ கொடுத்தால் விண்டோஸ் வந்துவிடும். ‘இயங்காதே என்பது பொய்’ என்று எழுதினால்தான் இயங்கும். வக்கீல் நோட்டீஸை மிஞ்சும் பாஷை!

அதே ஃபைலில்தான் எது தானாகத் துவங்க வேண்டும் என்பதும் இருக்கிறது. அங்கே முதல் வரிக்கு எண் 1 இல்லை, பூஜ்யம். மூன்றாவது வேண்டுமென்றால் 2. எண்ணிக்கொண்டிருக்க வேண்டாம் என்றால் ‘டிஃபால்ட்’டுக்கு ‘சேவ்ட்’ என்றும், ‘சேவ் டிஃபால்ட்’டுக்கு ‘ட்ரூ’ என்றும் கொடுத்துவிடுங்கள். கடைசியாக எதைத் தேர்ந்தெடுத்தீர்களோ அதையே ஞாபகம் வைத்துக்கொள்ளும்.

நீங்கள் விரலைக்கூட அசைக்காமல் வருகிற வம்பும் உண்டு. 2024 ஆகஸ்ட் 13-ம் தேதி மைக்ரோசாஃப்ட் ஓர் அப்டேட் அனுப்பியது. கிரப்பில் 2022-ல் கண்டுபிடித்த ஓர் ஓட்டையை அடைப்பதற்காக, பழைய கிரப்புகளை நம்பாதே என்று மெஷினுக்குச் சொல்லும் அப்டேட். டூயல் பூட் வைத்திருப்பவர்களைத் தொடாது என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். மறுநாள் உலகம் பூரா பல லினக்ஸ்காரர்களுக்கு ‘செக்யூரிட்டி பாலிசி வயலேஷன்’ என்று ஒரு வரி வந்து, மெஷின் அணைந்து போனது. செக்யூர் பூட்டைத் தற்காலிகமாக நிறுத்தி, லினக்ஸுக்குள் போய், அந்தக் கறுப்புப் பட்டியலை அழித்து, மறுபடி செக்யூர் பூட்டைப் போட வேண்டியிருந்தது. மைக்ரோசாஃப்ட் தன் பக்கம் முழுசாகச் சரி பண்ணியது 2025 மே மாதம். ஒன்பது மாசம் சார், பிரசவக் கணக்கு.

இதில் ஓர் எச்சரிக்கை. செக்யூர் பூட்டைத் தொடுவதற்கு முன்னால் விண்டோஸில் பிட்லாக்கர் ஓடுகிறதா என்று பாருங்கள். ஓடினால், செட்டிங் மாறியதும் சந்தேகப்பட்டு 48 இலக்க ரெக்கவரி நம்பர் கேட்கும். அந்த நம்பர் உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கலாம். முன்கூட்டியே ஒரு காகிதத்தில் எழுதி பீரோவில் வையுங்கள். மேலே சொன்ன இண்டெக்ஸ் சமாதானம் எல்லாம் இங்கே செல்லாது. நம்பர் இல்லையென்றால் பேரேடு பூட்டின பூட்டோடு அப்படியே போனதுதான்.

இன்னொன்று, விண்டோஸில் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’பை நிறுத்திவிடுங்கள். அது இருந்தால் விண்டோஸ் ஷட் டவுன் என்ற பெயரில் அரைத் தூக்கம்தான் போடும். லினக்ஸிலிருந்து அந்த டிரைவில் எதையும் எழுத விடாது.

கடைசியாக மணி விவகாரம். விண்டோஸ், போர்டில் இருக்கும் கடிகாரத்தை இந்திய நேரம் என்று நினைக்கும். லினக்ஸ் அதையே கிரீன்விச் நேரம் என்று நினைத்துத் திருத்தி எழுதும். விளைவு, லினக்ஸிலிருந்து விண்டோஸுக்கு வந்தால் காலை 10 மணிக்கு 4.30 என்று காட்டும். சரியாக ஐந்தரை மணி நேரம். சிமாஸ் பேட்டரி வீக் என்று சொல்லிப் புது பேட்டரி விற்றுவிடுவார்கள், ஏமாறாதீர்கள். லினக்ஸ் டெர்மினலில் ‘டைம்டேட்சிடிஎல் செட்-லோக்கல்-ஆர்டிசி 1’ என்று ஒரு வரி போதும்.

கலெக்டர் ஆபீஸ் நண்பர் ஒருவரின் சொந்த லேப்டாப்பில் இதைச் சரி பண்ண உட்கார்ந்தேன். கையைப் பிடித்துத் தடுத்துவிட்டார்.

“விட்டுடுய்யா. நாள் பூரா அது ஒண்ணுதான் என்னை ஆபீஸுக்குச் சீக்கிரமா வந்துட்டேன்னு சொல்லுது.”