ஒரே தடவையில் போகாது, சகோதரிகளே!

என் மகளுக்கு மேலுதட்டிலும் மோவாயிலும் கறுப்பாக முடி முளைத்தது, பிளஸ் டூ படிக்கும்போது. கஸ்தூரி மஞ்சள், கடலை மாவு என்று நான் தேய்க்காதது பாக்கியில்லை. ஒரு விசேஷ வீட்டில், 'ஏண்டி, ஆம்பளைப் புள்ள மாதிரி மீசை வெச்சிருக்க?' என்று உறவுக்காரம்மா கேட்டுவிட, அன்றிலிருந்து துப்பட்டாவால் முகத்தை மூடிக்கொண்டுதான் காலேஜுக்குப் போவாள்.

வரன் பார்க்க ஆரம்பித்ததும் எனக்குப் பதற்றம். 'லேசர்... ஒரே சிட்டிங்கில் நிரந்தரத் தீர்வு' என்ற போர்டை நம்பி, வளையலை அடகு வைத்து, திருமங்கலத்திலிருந்து மதுரையில் உள்ள ஒரு பார்லருக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் இருக்கிறாரா என்றுகூடக் கேட்கவில்லை. மறுநாள் மோவாயெல்லாம் கொப்புளம். ஆறியதும் கறுப்புத் திட்டு. மூன்றே மாதத்தில் முடியும் திரும்பி வந்தாச்சு!

அப்புறம்தான் புத்தி வந்து தோல் டாக்டரிடம் போனோம். டாக்டரம்மா முதலில் கேட்டதே, 'மாதவிலக்கு ஒழுங்கா வருதா?' என்றுதான். ஸ்கேனில் சினைப்பை நீர்க்கட்டி தெரிந்தது. ஹார்மோன் கோளாறைக் கவனிக்காமல் முடியை மட்டும் எடுத்தால், புதுசு முளைத்துக்கொண்டே இருக்குமாம்.

அவர் விளக்கியதைச் சொல்கிறேன். லேசர் ஒளி, முடியின் கறுப்பு நிறத்தைப் பிடித்து வேரைச் சுடுகிறது. நம் தோலிலும் அதே நிறமி இருப்பதால், நம் நிறத்துக்கேற்ற மெஷினை அளவறிந்து வைக்கத் தெரிந்தவர்தான் செய்யணும். வளரும் பருவத்தில் உள்ள முடி மட்டுமே ஒரு தடவையில் அழியும். அதனால், 4 முதல் 6 வாரத்துக்கு ஒருமுறை, 6 முதல் 8 தடவையாவது போக வேண்டும். முடி நன்றாகக் குறையும், மெலியும். அடியோடு போகும் என்று சொல்ல முடியாது. நரைமுடிக்குப் பலிக்காது.

எலக்ட்ராலிசிஸ் என்பது, ஒவ்வொரு முடிக்குழியிலும் மெல்லிய ஊசி விட்டு, மின்சாரத்தால் வேரை அழிப்பது. கண்ணைக் குத்தும் இமைமுடியை எடுக்க, 1875-லேயே அமெரிக்கக் கண் டாக்டர் சார்லஸ் மிஷெல் இதைச் செய்திருக்கிறார். நரைமுடியும் போகும், வேர் அழிந்த முடி திரும்ப வராது. ஆனால் ஒவ்வொன்றாக எடுப்பதால் மாதக்கணக்கில் பொறுமை வேண்டும், வலியும் உண்டு.

லேசருக்கு முன் த்ரெட்டிங், வாக்ஸிங் கூடாது. வேர் இருந்தால்தான் ஒளி பிடிக்கும். ஷேவ் செய்துகொள்ளலாம், அதனால் முடி தடிக்கும் என்பது வெறும் பேச்சு. நம்ம மதுரை வெயிலுக்குக் குடையும் சன்ஸ்கிரீனும் கட்டாயம்.

இன்று என் மகளுக்கு ஆறு தடவை முடிந்து, முடி வெகுவாகக் குறைந்திருக்கிறது. பார்லரில் வாங்கிய திட்டு மட்டும் இன்னும் முழுசாக மறையவில்லை. அதைப் பார்க்கும்போதெல்லாம் என் அவசரம்தான் என்னைக் குத்துகிறது.

தாய்மார்களே, போர்டைப் பார்த்துப் போகாதீர்கள். முதலில் டாக்டரைப் பாருங்கள். வசதியில்லாதவர்களுக்கு மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது, காரணத்தையாவது கண்டுபிடிக்கலாம். அத்தோடு, விசேஷ வீடுகளில் பெண் பிள்ளைகளின் மோவாயை உற்றுப் பார்த்துப் பேசுவதையும் விட்டுவிடுவோமே!

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி, திருமங்கலம்.